அத்தை கூப்பிடாத பெயர்

ஜனவரி 9

அன்புள்ள அத்தைக்கு,

நானும் என் இரண்டு முழங்கால்களும் நலம். உங்கள் தொண்டை எப்படி இருக்கிறது? போன் செய்தால் எடுக்க மாட்டீர்கள் என்று தெரியும். பேருந்து நிலையத்தில் பகல் முழுக்க மைக்கில் அறிவிப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தும் பேச்சா என்பீர்கள். அதனால் கடிதம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெயரை மாற்றப் போகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், நான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை என்று வீட்டில் சொன்னபோது அப்பா மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நீங்கள்தான் "அதுக்கென்ன இப்போ, சாப்ட்டியா?" என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து நான் உங்கள் கட்சி. இப்போது உங்களிடம் வருவதற்கு அது ஒரு காரணம். இன்னொன்று, இந்தப் பெயரை எனக்கு வைத்ததே நீங்கள். நல்ல பெயர், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் கேட்டவுடனே எல்லோரும் என்னை ஒரு பெண்ணாக எடுத்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். தினமும் இறங்கி இறங்கி அலுத்துவிட்டது.

அவசரத்துக்கும் காரணம் உண்டு. லிஃப்ட் மெக்கானிக் லைசென்ஸ் வரப்போகிறது. அட்டையில் அச்சாகும் பெயரை அடுத்த ஐந்து வருடத்துக்கு மாற்ற முடியாது. ஏப்ரல் 30க்குள் பெயர் மாற்றப் படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்த இரண்டு உறவினர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா போட்டுவிட்டார். கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "உங்க அத்தை என்ன சொல்றா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த கையெழுத்து உங்களுடையது. படிவம் உள்ளே இருக்கிறது.

பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அன்பு, மதி, கதிர், முகில் என்று நாலு வைத்திருக்கிறேன். முப்பது வருடமாகப் பெயர் கூப்பிடுகிறவர் நீங்கள். எது தேறும் என்று சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாலு


ஜனவரி 20

அன்பு வாலுக்கு,

தொண்டை நலம். முதுகு அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அப்பாவின் இருமல் நின்றதா?

கடிதம் கிடைத்தது. லைசென்ஸ் வரப்போவது பெரிய சந்தோஷம். பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னேன். அவரும் அறிவிப்பாளர்தான், ஆனால் பாதி நேரம் தூங்குவார். "உங்க வீட்டுப் பிள்ளை இருக்கிற தைரியத்துல இனிமே லிஃப்ட்ல ஏறலாம்" என்றார்.

பெயர் விஷயத்தில் எனக்கு ஒரு யோசனை. தினமும் காலை பதினோரு மணிக்கு மைக் சோதனை செய்ய வேண்டும். எதையாவது சொல்லிப் பார்க்கலாம், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். உன் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, விசாரணை ஜன்னலுக்கு யார் வருகிறார்கள் என்று பார்க்கிறேன். ஆண் மட்டும் வந்தால் அது ஆண் பெயர். பெண் மட்டும் வந்தால் பெண் பெயர். இரண்டு பேரும் வந்தால்தான் உனக்கு. இதைவிட நல்ல பரீட்சை எந்த ஊரிலும் கிடையாது.

குவார்ட்டர்ஸில் மறுபடி கணக்கெடுப்புக்கு வந்தார்கள். இரண்டு பேர் அறையில் தனியாக இருக்கிறீர்களே, அந்தக் கட்டிலை எடுத்துக்கொள்ளலாமா என்றார்கள். துணி மடித்து வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

படிவத்தை இதில் வைக்க மறந்துவிட்டேன், உறையை ஒட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அதையும் உறையின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன், பார்.

அத்தை


ஜனவரி 29

அன்புள்ள அத்தைக்கு,

நலம். அப்பாவின் இருமல் நின்றுவிட்டது, அதைப் பற்றிய பேச்சு மட்டும் நிற்கவில்லை.

மைக் சோதனை பிரமாதம். நடத்துங்கள். படிவத்தை மறந்த கதையை நம்பிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பெயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு தொழில் காரணமும் சொல்கிறேன். லிஃப்ட் பழுது பார்க்கும்போது ஒருவர் மேலே மோட்டார் அறையில், ஒருவர் கீழே குழியில். கிரீஸ் அண்ணன் மேலே, நான் கீழே. (அவர் எந்தச் சட்டை போட்டாலும் அரை மணி நேரத்தில் அதே நிறம்தான், அதனால் அந்தப் பட்டம்.) லிஃப்டை ஒரு அடி நகர்த்துவதாக இருந்தாலும் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வந்தால்தான் பட்டனில் கை வைக்கலாம். பதில் வராவிட்டால் நாளெல்லாம் ஆனாலும் லிஃப்ட் நகராது. தினமும் நாற்பது தடவை, இருட்டுக்குள் நின்று, என்னுடையது இல்லாத ஒரு பெயருக்கு "இருக்கேன்" என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் அத்தை. இருப்பது நான்தான். பெயர்தான் வேறு யாருடையதோ.

சீக்கிரம் எழுதுங்கள்.

வாலு


பிப்ரவரி 17

அன்பு வாலுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. கல்யாண முகூர்த்தக் கூட்டம், தண்ணீர் குடிக்க நேரமில்லை. தொண்டை தேவலை.

பரீட்சை முடிவுகள். "அன்பு" என்று கூப்பிட்டேன். ஒன்பது பேர் வந்தார்கள். ஆண், பெண், ஒரு டிரைவர், கூப்பிட்டது அவரை இல்லை என்று தெரிந்தும் போகாத ஒரு பெரியவர். பாஸ்தான், ஆனால் தெருவுக்கு நாலு பேர். "மதி"க்கு இரண்டு சின்னப் பெண்களும் ஒரு வழுக்கைத்தலையரும் வந்து, அது யார் பெயர் என்று தர்க்கம் செய்தார்கள். "கதிர்" என்றால் மீசையாகவே வருகிறது. "முகில்"தான் அழகு. இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பையன், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண், ஒரே நேரத்தில் வந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் என்னவோ, அதுவும் எனக்கு மனதில் ஒட்டவில்லை.

இத்தனை வருடத்தில் எந்தப் பெயரைக் கொடுத்தாலும் கூப்பிட்டுவிடுவேன். வாயில் நுழையாத பெயரையும் ஒரு தடவை எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவேன். ஒரே ஒரு பெயரைத்தான் மைக்கில் சொல்வதில்லை. அந்தப் பெயரைக் கூப்பிடச் சொல்லிச் சீட்டு வந்தால் பக்கத்து நாற்காலிக்காரரை எழுப்பிக் கொடுத்துவிடுவேன். எல்லாத் தொழிலிலும் இப்படி ஒரு கோணல் இருக்கும், விடு.

படிவத்தின் மேல் டீ கிளாஸை வைத்துவிட்டேன். நடுவில் வட்டமாகக் கறை. அரசாங்கக் காகிதம், இப்படிக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். வேறு ஒன்று அனுப்பு.

முழங்காலுக்கு எண்ணெய் தடவு.

அத்தை


பிப்ரவரி 24

அன்புள்ள அத்தைக்கு,

எண்ணெய் தடவினேன். புதுப் படிவமும் வைத்திருக்கிறேன், இரண்டு பிரதி. ஒன்றில் டீ வைக்கலாம், ஒன்றில் கையெழுத்துப் போடலாம். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று அப்பா உங்களைப் பற்றிச் சொல்வது சும்மா இல்லை.

முகில் இங்கே தோற்றுவிட்டது. திங்கட்கிழமை பதினாலு மாடிக் கட்டடத்தில் வேலை. இன்று முதல் முகில் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று கிரீஸ் அண்ணனிடம் சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கினேன். அவர் கூப்பிட்டிருக்கிறார். கீழே வருவதற்குள் பெயரின் வால் அறுந்து, யாரோ எங்கோ முனகுவது போல இருந்தது. நான் பாட்டுக்கு ஸ்பிரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பதில் இல்லாததால் லிஃப்ட் நகரவில்லை. நாற்பது நிமிடம். மாடிக்கு மாடி ஆட்கள் கத்துகிறார்கள். கடைசியில் அவர் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என் வாய் தானாக "இருக்கேன்" என்றது. அத்தை, அந்த ஒரு நொடி எனக்கு என் மேலேயே வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அவர் திட்டவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மொட்டை மாடியில் உட்கார்ந்து, "நீட்டிக் கூப்பிடற மாதிரி ஆரம்பிக்கணும். அப்பதான் பதினாலு மாடி இறங்கும்" என்றார். இருவரும் தண்ணீர்த் தொட்டியின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு வாயில் வந்த பெயரையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தோம். அவர் "ஆழி" என்றார். கடல் என்று அர்த்தம். நான் கடலைப் பார்த்ததே நாலு தடவைதான். ஆனால் என் தலை தானாக நிமிர்ந்தது.

ஆழியையும் ஒரு தடவை மைக்கில் கூப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வாயால் கேட்ட மாதிரி இருக்கும்.

வாலு


மார்ச் 6

வாலுக்கு,

நலம்.

ஆழி என்று மூன்று நாள் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. ஒருவர்கூட இல்லை.

ஒன்று கேட்கிறேன். பழைய பெயர் உன்னை என்ன செய்தது? லைசென்ஸில் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள். கிரீஸ் அண்ணன் எதைச் சொல்லியாவது கூப்பிடட்டும். வீட்டில் மட்டும் அது இருந்துவிட்டுப் போகட்டுமே. ஊருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அத்தைக்காக இதுகூடச் செய்ய மாட்டாயா?

படிவம் பத்திரமாக இருக்கிறது.

அத்தை


மார்ச் 10

அத்தைக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

இதை அப்பா எழுதியிருந்தால் சிரித்துவிட்டு மடித்து வைத்திருப்பேன். பெரியம்மா எழுதியிருந்தால் பதிலே போட்டிருக்க மாட்டேன். நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இருபத்தேழு வருடம் இருந்து பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன். என்னை அப்படியே ஏற்றுக்கொண்டவர் என்று எல்லோரிடமும் உங்களைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருந்தேன். "சாப்ட்டியா" என்று கேட்கும் வரைக்கும்தான் அந்த ஏற்றுக்கொள்ளல் என்று தெரியாமல் போய்விட்டது. மூன்று கடிதத்திலும் வாலு, வாலு என்றுதான் ஆரம்பிக்கிறீர்கள். பழையதைச் சொன்னால் நான் கோபிப்பேன், புதியதைச் சொல்ல உங்களுக்கு மனம் இல்லை. அதற்கு ஒரு செல்லப் பெயர் வசதியாகக் கிடைத்திருக்கிறது.

யாரும் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அந்த இடம் காலியாக இருக்கிறது. நான் வருகிறேன்.

ஆழி


ஏப்ரல் 11

அன்புள்ள அத்தைக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையோ என்று பக்கத்து நாற்காலிக்காரருக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்காங்க, மைக்ல மட்டும்தான் பேசறாங்க" என்றார்.

முதலில் மன்னிப்பு. போன கடிதத்தில் சூடாகக் கொட்டிவிட்டேன். பெயரைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. உங்களைப் பற்றிச் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது, அத்தை எனக்கு ஏன் அந்தப் பெயரை வைத்தார் என்று கேட்டேன். நகத்தில் கவனமாக இருந்தார். "அவகூட ரூம்ல இருந்தாங்களே, மூணாம் கவுண்டர்ல டிக்கெட் குடுத்துட்டு இருந்தாங்க, அவங்க பேருதான். நல்ல மாதிரி. கல்யாணம் ஆகிப் போயிட்டாங்க" என்றார். அப்புறம் சுண்டுவிரலில் ஆழமாக வெட்டாதே என்றார். அவ்வளவுதான். அப்பாவுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு உடனே நீங்கள் மைக்கில் கூப்பிடாத பெயர் ஞாபகம் வந்தது. கணக்கெடுப்புக்காரர்களிடம் கொடுக்காத கட்டிலும் ஞாபகம் வந்தது. எனக்குத் தோன்றியதை நான் எழுத மாட்டேன் அத்தை. நீங்கள் எழுதினால் படிப்பேன். எழுதாவிட்டால் கேட்க மாட்டேன், சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்பேன்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தப் பெயரை நான் தூக்கி எறியவில்லை. இருபத்தேழு வருடம் என்னிடம் இருந்தது, கீறல் விழாமல் வைத்திருந்தேன். இப்போது உங்களிடமே திருப்பித் தருகிறேன்.

கையெழுத்துப் போட மனம் வராவிட்டால் பரவாயில்லை, பெரியம்மாவிடம் கெஞ்சிக்கொள்கிறேன். கட்டத்தில் ஆழி என்பது நிச்சயம்.

ஆழி


ஏப்ரல் 18

அன்புக் குழந்தைக்கு,

தொண்டை கட்டியிருக்கிறது. அழுததால் இல்லை, கூட்டத்தால். சரி, கொஞ்சம் அழுததாலும்தான்.

படிவம் உள்ளே இருக்கிறது. தேதியைப் பார், ஜனவரி 13. உன் முதல் கடிதம் வந்த அன்றே போட்ட கையெழுத்து. மறதியும் இல்லை, டீ கறையும் இல்லை. உறைக்குள் வைக்கத்தான் கை வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், நீ பார்த்துவிட்டாய்.

நாலு வருடம் ஒரே அறையில் இருந்தோம். நான் பேசுகிறவள், அவள் கேட்கிறவள். பகலில் நான் மைக்கில் எது சொன்னாலும் மூன்றாம் கவுண்டரில் தலை நிமிராமல் சிரிப்பாள், கண்ணாடி வழியாகத் தெரியும். பிறகு அவள் வீட்டிலிருந்து வந்தார்கள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் பெட்டி கட்ட உதவினேன்.

ஐந்தாம் நடைமேடையிலிருந்து அவள் பேருந்து புறப்பட்டது. அறிவித்தது நான்தான். வண்டி எண்ணையும் போகிற ஊரையும் விதிப்படி இரண்டு தடவை சொல்ல வேண்டும், நான் ஆறு தடவை சொன்னேன். அவள் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மைக் கையில் இருந்தது. கூப்பிட்டிருந்தால் இறங்கியிருப்பாளோ என்னவோ. அதற்குப் பிறகு அந்தப் பெயரை அங்கே சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த மாதம் நீ பிறந்தாய். பெயர் நான் வைக்கிறேன் என்று முந்திக்கொண்டேன். அந்தப் பெயரைத் தினமும் சத்தமாகக் கூப்பிட எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. ஒரு குழந்தையின் தலையில் அந்தச் சுமையை ஏற்றுகிறோமே என்று அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் ஏற்றியிருப்பேன். இதை உன்னிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

உனக்கு இருக்கிற தைரியத்தில் கால்வாசி இருந்திருந்தால் நான் அன்றே மைக்கில் அவளைக் கூப்பிட்டிருப்பேன். உன்னைப் பார்த்துப் பெருமையாக இருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.

கட்டத்தை நிரப்பிக் கொடுத்துவிடு. சாப்பிட்டேன், கேட்காதே.

அத்தை


மே 6

அன்புள்ள அத்தைக்கு,

எல்லோரும் நலம். அட்டை வந்துவிட்டது. போட்டோவில் திருடன் மாதிரி இருக்கிறேன், பெயர் மட்டும் தெளிவாக இருக்கிறது. கிரீஸ் அண்ணன் அதை வாங்கிப் பார்த்து, கறை பட்டுவிடும் என்று விளிம்பை மட்டும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கே அதே பதினாலு மாடிக் கட்டடம். மேலேயிருந்து "ஆழி" என்றார். முழுசாகக் கீழே வந்தது. நான் "இருக்கேன்" என்றேன். லிஃப்ட் நகர்ந்தது.

உங்கள் கடிதத்தைக் குழிக்குள் வைத்துத்தான் இரண்டாம் தடவை படித்தேன். அங்கே யாரும் வர மாட்டார்கள். நீங்கள் என் தலையில் சுமை ஏற்றவில்லை அத்தை. உங்கள் ஆசையை என் பெயருக்குள் ஒளித்து வைத்தீர்கள், அவ்வளவுதான். சின்ன வயதில் நீங்கள் கூப்பிட்டால் மட்டும் அந்தப் பெயர் அவ்வளவு நன்றாக இருந்தது ஏன் என்று இப்போது தெரிகிறது.

ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?

ஆழி


மே 19

அன்பு ஆழிக்கு,

எழுதிவிட்டேன், பார்த்தாயா? இதை எழுத நாலு தாள் கிழித்தேன். மூன்று தாளில் வாலு என்று வந்துவிட்டது.

நான் நலம். அப்பாவுக்கு நகத்தை ஒட்ட வெட்டாதே.

தெரியும். வருடம் தவறாமல் அவளிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வரும். உள்ளே ஒரு வரிகூட இருக்காது, பின்பக்கம் முகவரி மட்டும் இருக்கும். ஏழெட்டு வருடமாக அவள் தனியாகத்தான் இருக்கிறாள் என்று அந்த ஊர் டிரைவர் ஒருவர் சொன்னார். நான் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. அட்டையெல்லாம் அந்தக் கட்டிலில், மடித்த துணிக்கு அடியில் இருக்கின்றன.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெயரில் ஒரு சீட்டு வந்தது. யாரோ ஒரு கல்லூரிப் பெண், குடையை விட்டுவிட்டுப் போயிருந்தாள். பக்கத்து நாற்காலிக்காரர் பழக்கத்தில் தூக்கத்திலிருந்தே கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. மைக்கை இழுத்து நானே கூப்பிட்டேன். குரல் கொஞ்சமும் ஆடவில்லை. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பெண் ஓடி வந்து குடையை வாங்கிக்கொண்டு, "நன்றி ஆன்ட்டி" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. இருபத்தேழு வருடம் இதற்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

இன்று உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினேன். உன் உறையின் மேல் முதல் தடவையாக ஆழி என்று எழுதினேன். இன்னொன்றின் மேல் அவள் பெயரை எழுதினேன். கை பழக்கத்தில் அதன் கீழே உன் முகவரியைத்தான் எழுதப் போனது, நிறுத்தி அவளுடையதை எழுதினேன். இரண்டையும் ஒரே பெட்டியில் போடப் போகிறேன்.

அத்தை